செத்தபின் கேட்கும் கேள்வியை உயிரோடிருக்கும்போதே கேட்போம்!

வேலூரை விட்டுத் திருவண்ணாமலைச் சாலையில் புறப்பட்டால், அடுக்கம்பாறையைக் கடந்ததும் வருகிறது கணியம்பாடி. ஒரு பக்கம் சவ்வாது மலைத்தொடர். அதன் அடிவாரத்தில் அமிர்திக் காடு. மறுபக்கம் உழுது பிழைக்கும் ஊர்கள். உலகப் படத்தில் தேடினால் இந்த ஊருக்கு ஒரு புள்ளிகூட இராது. ஆனால் உலகத்தின் பெரிய மருத்துவ ஏடுகளைப் புரட்டினால், கணியம்பாடி என்ற பெயர் கண்ணில் படும்.

எதனால் வந்தது இந்தப் பெயர்? பட்டு நெசவாலா? பழைய கோட்டையாலா? இல்லை, தோழர்களே! சாவுக்குச் சரியாகக் கணக்கு எழுதியதால் வந்த பெயர் இது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் சமுதாய நலப் பிரிவு, பல பத்தாண்டுகளாகக் கணியம்பாடி ஒன்றியத்துக் கிராமங்களில் பணியாற்றி வருகிறது. ஊருக்கு ஊர் சுகாதாரப் பணியாளர். பிறப்பானாலும் இறப்பானாலும் அவர் குறிப்பேட்டுக்குத் தப்புவதில்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டாரோடு உட்கார்ந்து, "என்ன நடந்தது?" என்று பரிவோடு கேட்டுக் காரணத்தை அறிகிறார்கள். உடலை அறுத்துப் பார்க்கும் சோதனையல்ல இது. உற்றார் உறவினரின் வாய்மொழியால் உண்மையை அறியும் சோதனை.

அப்படி அறிந்த உண்மை, 2004-ஆம் ஆண்டு இலண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' ஏட்டில் வெளியானபோது படித்தவர் நெஞ்சம் பதைத்தது. 1992 முதல் 2001 வரை, இந்த ஒன்றியத்தில் 10 வயது முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளில், ஆண்டுக்கு இலட்சம் பெண்களுக்கு 148 பேர், இலட்சம் ஆண்களுக்கு 58 பேர் என்ற விகிதத்தில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்கள். அந்த வயதில் இறந்த ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் சாவு, தற்கொலை. பெண்பிள்ளைகளிலோ இறந்தவரில் பாதிக்குக் குறையவில்லை. பின்னர் 2010-இல் வந்த மற்றோர் ஆய்வு, இதே பகுதியில் தற்கொலை செய்துகொண்ட, எல்லா வயதையும் சேர்ந்த 100 பேரின் கதையை ஆராய்ந்தது. அவர்களில் 16 பேர் மதுவுக்கு அடிமைப்பட்டவர்கள் என்று அறிந்து எழுதியது.

கேட்டார்கள், தெரிந்தது. கேட்காத ஊர்களில் தெரியவில்லை. கணியம்பாடி உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இதுதான்: வீட்டு வாசலில் உட்கார்ந்து பரிவோடு கேட்டால், வெட்கத்தாலும் அச்சத்தாலும் மூடிக்கிடந்த உண்மையும் வெளியே வரும்.

ஆனால், நாம் ஒன்று கேட்கிறோம். செத்தபின் தாயிடம் கேட்கும் கேள்வியை, பிள்ளை உயிரோடு இருக்கும்போதே பிள்ளையிடம் கேட்டால் என்ன?

எங்கே கேட்பது?

பள்ளிக்கூடத்தில் கேட்கலாம், ஆனால் குடிக்கும் பையன்களில் பலர் பள்ளியை விட்டவர்கள். வீட்டில் கேட்கலாம், ஆனால் கேட்க வேண்டிய தகப்பனே தள்ளாடிக்கொண்டு வருகிறான். எல்லாப் பிள்ளைகளும் ஏதோ ஒருநாள் வந்து சேருகிற இடம் ஒன்று உண்டு. அதுதான் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு.

திருவிழா இரவில் இருசக்கர வண்டியோடு விழுந்தவன் அங்கே வருகிறான். அடிதடியில் மண்டை உடைந்தவன் அங்கே வருகிறான். வாந்தியெடுத்து மயங்கியவனைத் தூக்கிக்கொண்டு நண்பர்கள் அங்கே ஓடிவருகிறார்கள். வாழ்க்கை வெறுத்துப்போய் எதையோ விழுங்கிய பெண்ணும் அங்கேதான் வருகிறாள். 108 வண்டி அங்கேதான் கொண்டுவந்து இறக்குகிறது. கணியம்பாடிக்காரர்களுக்கு அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அடுத்த வாசல் போல் இருக்கிறது. வேலூரிலே பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன.

வந்த பிள்ளைக்கு என்ன நடக்கிறது, எந்த ஊர் மருத்துவமனையிலானாலும்? காயத்தைக் கழுவுகிறார்கள், தையல் போடுகிறார்கள், எலும்பு முறிந்திருந்தால் மாவுக்கட்டு, காவல் நிலையத்துக்குத் தகவல். உயிரைக் காக்கிறார்கள், அந்தக் கைகளுக்கு நம் வணக்கம். ஆனால் அவன் எதனால் விழுந்தான் என்று கேட்பதற்கு ஆளில்லை. கேட்டாலும் அது கேள்வியாக இராது, வசவாக இருக்கும். "இந்த வயசிலேயே குடியாடா?" என்ற வசைக்குப் பதில் சொன்ன பிள்ளை உண்டா? தையல் பிரித்ததும் அவன் போகிறான். எந்தக் கூட்டத்திலிருந்து வந்தானோ அந்தக் கூட்டத்துக்கே போகிறான்.

வாயை அடைப்பது எது?

பிள்ளை ஏன் உண்மையைச் சொல்வதில்லை? பெற்றவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? ஒழுக்கம் கெட்டவர்கள் என்பதாலா? அல்ல. உண்மையைச் சொன்னால் என்ன வருமென்று அவர்களுக்குத் தெரியும்.

வயது வராத பிள்ளை வண்டி ஓட்டினால், 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, பெற்றவருக்கோ வண்டிக்குச் சொந்தக்காரருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்ககால் இருந்தால் போதையில் ஓட்டிய குற்றம் தனி. விபத்துக் காப்பீட்டுப் பத்திரங்களில், போதையில் நேர்ந்த காயத்துக்குப் பணமில்லை என்ற விலக்கு வழக்கமாக உண்டு. கூலிக்குப் போகும் குடும்பம் என்ன செய்யும்? "குடிக்கவில்லை ஐயா, மாடு குறுக்கே வந்தது" என்று சொல்லும். மாடு வந்து பழியை ஏற்றுக்கொள்கிறது. பையன் மறுபடி பாட்டிலைத் தேடிப் போகிறான்.

அடைபட்ட இந்த வாய் முதலில் உயிருக்கே உலை வைக்கும். இளம் உடலில் இறங்கிய மது, இரத்தத்திலுள்ள சர்க்கரையைத் திடுமெனக் குறைத்துவிடக்கூடும். மண்டையின் உள்ளே இரத்தம் கசிந்தாலும் பேச்சுக் குழறும், போதையிலும் குழறும். "குடிச்சிருக்கான், தெளிஞ்சா எழுந்திருப்பான்" என்று ஓரத்தில் படுக்க வைத்த பிள்ளை எழாமலே போகலாம். குடித்தது என்ன சரக்கு என்பதும் தெரியவேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60 பேருக்கு மேல் குடித்துவிட்டதே, மறந்துவிட்டோமா? கண் மங்குகிறது என்று சொல்லும் நொடியில், "என்ன குடித்தாய், எப்போது குடித்தாய்?" என்ற கேள்விக்கு ஒளிவுமறைவற்ற பதில் கிடைத்தால் பார்வையும் பிழைக்கும், உயிரும் பிழைக்கும்.

பதினைந்து நிமிடப் பேச்சு

உயிர் காத்தாயிற்று. அடுத்தது என்ன? அடுத்ததுதான் நாம் இங்கே வற்புறுத்துவது. மேனாட்டு மருத்துவமனைகளில் இதற்கென ஒரு முறையை வகுத்திருக்கிறார்கள். முதலில் சில சிறு கேள்விகளால் சலித்துப் பார்ப்பது. பிறகு, தேவைப்பட்டவரோடு உட்கார்ந்து சிறிது நேரம் பேசுவது. அதற்கும் மேல் தேவையென்றால் தக்க இடத்துக்கு அனுப்புவது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த பத்துக் கேள்விகள் உண்டு. மூன்று கேள்விகளாகச் சுருக்கிய வடிவமும் உண்டு. பிள்ளைகளுக்கென்றே அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து மருத்துவர்கள் ஆறு கேள்விகளை வகுத்தார்கள். குடித்தவன் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, தனியாக இருக்கையில் குடிப்பதுண்டா, குடித்து வம்பில் மாட்டியதுண்டா என்கிற தோரணையில் அவை போகும். இரண்டுக்கு 'ஆம்' என்றால் விழித்துக்கொள்ள வேண்டும்.

பேச்சு எப்படி இருக்கும்? சொற்பொழிவாக இராது. மிரட்டலாக இராது. உறவினர் கூட்டத்தைச் சற்றே விலக்கிவிட்டு, ஒரு செவிலியர் கட்டிலருகே உட்காருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

"தம்பி, வலி குறைஞ்சுதா?"

"பரவாயில்லை அக்கா."

"உங்கிட்ட கொஞ்சம் பேசலாமா? நீ சொல்றதைப் போலீசுகிட்ட சொல்லமாட்டேன். உன் உயிருக்கு ஆபத்துன்னு தெரிஞ்சா மட்டும்தான் டாக்டர்கிட்ட சொல்லுவேன். சம்மதமா?"

தலையசைக்கிறான்.

"எவ்வளவு நாளா குடிக்கிறே?"

"சனிக்கிழமை மட்டும்தான் அக்கா. கூலி போட்டதும் மேஸ்திரி ஒரு கட்டிங் வாங்கித் தருவாரு."

"அதில உனக்குப் பிடிச்சது என்ன?"

"உடம்பு வலி தெரியாது. பெரியவங்களோட சமமா உக்காரலாம்."

"பிடிக்காதது?"

கட்டுப்போட்ட காலைப் பார்க்கிறான். "இதுதான். அப்புறம், அம்மா சோறு தின்னாம உக்காந்திருக்கும்."

"அப்ப, வர்ற சனிக்கிழமை என்ன செய்யலாம்? நான் சொல்லல, நீயே சொல்லு."

இவ்வளவுதான், தோழர்களே! இதில் மந்திரம் இல்லை, மாயம் இல்லை. நடந்ததை உள்ளபடி எடுத்துக்காட்டுவது; முடிவு உன் கையில் என்று மதிப்பது; கேட்டால் அறிவுரை தருவது; ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளை முன்வைப்பது; உன்னால் முடியும் என்ற நம்பிக்கையை ஊட்டுவது. இவைதான் அந்தப் பேச்சின் உறுப்புகள். அடிபட்ட அன்று மனம் இளகியிருக்கும். இளகிய மண்ணில்தான் விதை இறங்கும். காய்ந்தபின் கொத்தினால் மண்வெட்டிதான் மழுங்கும்.

பலன் உண்டா?

'பேசினால் குடி நின்றுவிடுமா?' என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கட்டும். கண்மூடி நம்பச் சொல்லவில்லை நாம்.

அமெரிக்காவில் ரோட் தீவு மாநிலத்து மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுக்குக் குடியோடு வந்த 18, 19 வயதினர் 94 பேரை வைத்து நடந்த ஆய்வு 1999-இல் வெளியாயிற்று. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குடியின் அளவு இரு சாராரிடமும் குறைந்திருந்தது. ஆனால், உட்கார்ந்து பேசப்பட்டவர்களிடம், குடித்துவிட்டு வண்டி ஓட்டுவதும், குடியால் காயப்படுவதும் மற்றவர்களைக் காட்டிலும் குறைந்திருந்தன. அதே குழுவினர் 13 முதல் 17 வயதுள்ள 152 பேரிடம் நடத்திய ஆய்வு 2004-இல் வந்தது. ஏற்கெனவே குடியால் தொல்லைக்கு ஆளானவர்களுக்கே அந்தப் பேச்சு கூடுதலாகப் பயன்பட்டது என்று அது கூறிற்று.

இதற்கு மாறான செய்தியையும் மறைக்கப்போவதில்லை. இங்கிலாந்தின் பத்து அவசரப் பிரிவுகளில், 14 முதல் 17 வயதினரிடம் நடந்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. சிறு ஆலோசனை பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் அங்கே வேறுபாடு தெரியவில்லை. இதிலிருந்து கற்பது என்ன? எல்லோரிடமும் கேட்க வேண்டும். ஆனால் எல்லோருக்கும் ஒரே மருந்தை ஒரே அளவில் ஊட்டக்கூடாது. தொல்லைப்படும் பிள்ளையோடு ஒருமுறை பேசிவிட்டுக் கைகழுவக்கூடாது. மறுபடியும் மறுபடியும் தொடர வேண்டும்.

அப்படித் தொடர்ந்து பேசிப் பார்த்தது நம் இந்திய மண்ணிலேயே நடந்திருக்கிறது. கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவில் குடித்த வயது வந்த ஆண்கள் 377 பேரிடம் நடந்த ஆய்வு 2017-இல் 'லான்செட்' ஏட்டில் வெளிவந்தது. பேசியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அதிகம் போனால் நான்கு அமர்வுகள். மூன்று மாதத்தில், தீங்கான குடியிலிருந்து மீண்டவர்கள் நூற்றுக்கு 36 பேர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 26 பேர். பெரியவர்களிடம் பலித்தது பிள்ளைகளிடமும் அப்படியே பலிக்கும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால், பெரிய பட்டம் பெற்றவர்தான் பேசவேண்டும் என்பதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிள்ளைப் பருவத்திலேயே பிடிக்க வேண்டிய காரணமும் அதே கோவாவிலிருந்து வருகிறது. வட கோவாவின் ஆண்களிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வை 2014-இல் வெளியிட்டார்கள். குடிப்பவர்களில், 1956 முதல் 1960 வரை பிறந்தவர்களில் நூற்றுக்கு 20 பேர்தான் வளரிளம் பருவத்தில் குடியைத் தொடங்கியிருந்தார்கள். 1981 முதல் 1985 வரை பிறந்தவர்களிலோ நூற்றுக்கு 74 பேர்! அப்படி இளமையில் தொடங்கியவர்களே பின்னாளில் அடிமைகளாவதும் காயப்படுவதும் மிகுதி. 2019-இல் வெளியான அகில இந்தியக் கணக்கெடுப்பு, 10 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 1.3 பேர் குடிக்கிறார்கள் என்றது. 'ஒன்றேகால்தானே' என்று அலட்சியம் வேண்டாம். இந்தியாவின் பிள்ளைத் தொகையில் அந்த ஒன்றேகால், பல இலட்சம் குடும்பங்களின் கண்ணீர்.

சட்டம் இருக்கிறதே!

இருக்கிறது. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது என்பது விதி. பிள்ளைக்கு மதுவைக் கொடுப்பவருக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமும் என்று 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு உரக்கச் சொல்கிறது.

மதுவிலக்கின் கதையும் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1939-இல் அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்துக்கும், ஆகவே கணியம்பாடிக்கும் வந்தது. 1948-இல் மாகாணம் முழுதும் பரவிற்று. 1971-இல் தளர்ந்தது, பிறகு மீண்டது, 1981-இல் மறுபடி தளர்ந்தது. 1983-இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் பிறந்தது. 2003-இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கு வந்தன. 2023 ஜூனில் 500 கடைகள் மூடப்பட்டன. 2024-25-ஆம் ஆண்டில் மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 48,000 கோடி ரூபாய்க்கு மேல்.

கதவைத் திறப்பதா, மூடுவதா என்ற வழக்கு நாட்டில் நடக்கட்டும், நடக்கவும் வேண்டும். ஆனால், அந்த வழக்கு முடியும்வரை இன்றிரவு கட்டிலில் கிடக்கும் பையன் காத்திருப்பானா? கடை திறந்திருந்த காலத்திலும் அவனை யாரும் கேட்கவில்லை. மூடியிருந்த காலத்திலும் கேட்கவில்லை. கேட்பதற்குச் சட்டம் தடையில்லை. கேட்க ஆள்தான் இல்லை.

'மருத்துவருக்கு நேரம் ஏது?' என்பார்கள். உண்மை, அவசரப் பிரிவு மருத்துவர் சாப்பிடவே நேரமில்லாமல் ஓடுகிறார். அதனால்தான் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவரை அங்கே அமர்த்தச் சொல்கிறோம். 'நம்மூரில் இரகசியம் காக்க முடியுமா?' என்பார்கள். முடியும் என்று காட்டியது நம் அரசு மருத்துவமனையே. 1986-இல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கிருமி சென்னையில் கண்டறியப்பட்டது. ஊரே நடுங்கியது, நோயாளி வாய் திறக்க அஞ்சினார். பின்னர் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்று ஓர் அறை திறந்தார்கள். தனியே உட்கார வைத்தார்கள்; பெயரை வெளியே விடாமல் பேசினார்கள். மக்கள் நம்பி வந்தார்கள். அந்த நோய்க்குக் காத்த இரகசியத்தை, பதினாறு வயதுப் பிள்ளையின் குடிக்குக் காக்க முடியாதா?

ஆகவே நாம் கேட்பது இது. காயத்தோடோ, மயக்கத்தோடோ, உயிரை வெறுத்தோ அவசரப் பிரிவுக்கு வரும் 21 வயதுக்குட்பட்ட ஒவ்வொருவரிடமும் உயிராபத்து நீங்கியதும் குடியைப் பற்றித் தனியே, மரியாதையோடு கேட்க வேண்டும். சட்டப்படி பதிய வேண்டியதை மருத்துவர் பதியட்டும்; ஆனால் ஆலோசகரின் தாள், காவல் நிலையத்துக்குப் போகும் தாளாக இருக்கக்கூடாது. சாலை விபத்தில் சிக்கியவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசே ஏற்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டதே, அந்த 48 மணி நேரத்தில் கால்மணி நேரம் இந்தப் பேச்சுக்கு ஒதுக்கவேண்டும். வீடு திரும்பிய பிள்ளையைக் கிராம சுகாதாரச் செவிலியர் பின்தொடர வேண்டும். மனம் உடைந்தவர்க்கு 14416 என்ற எண்ணில் அரசின் மனநல உதவி உண்டு. போதையிலிருந்து மீள 14446 உண்டு. அந்த இரண்டு எண்களும் அவசரப் பிரிவின் சுவரில் கொட்டை எழுத்தில் இருக்கவேண்டும்.

நம் வீட்டு வாசலில்

அரசைக் கேட்டாயிற்று, மருத்துவமனையைக் கேட்டாயிற்று. இனி, நம்மவர்களைக் கேட்கிறோம்.

சுவரொட்டி ஒட்ட வந்த பையனுக்கு விடியற்காலையில் குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பது யார்? கொடிக் கம்பம் நட வந்தவனுக்கு, ஊர்வலத்தில் தொண்டை கிழியக் கத்தியவனுக்கு, 'பாவம், களைத்துவிட்டான்' என்று ஊற்றிக் கொடுப்பது யார்? எந்தக் கட்சியானால் என்ன, எந்தக் கொடியானால் என்ன? அந்தப் பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. சட்டத்தின் 77-ஆம் பிரிவு கட்சிக்கொடியைப் பார்த்து ஒதுங்கிப் போகாது.

பட்டறைத் தோழர்களே, கட்டடத் தொழிலாளத் தோழர்களே! சனிக்கிழமைக் கூலியோடு பையனுக்கு ஒரு கட்டிங் என்பது அன்பு அல்ல. அவன் கூலியிலிருந்து கோடிகளின் கணக்குக்குப் போகும் முதல் தவணை அது. அவனுக்கு உடம்பு வலிக்கிறதா? வேலை நேரத்தைக் குறைக்கப் போராடுங்கள். பெரியவர்களோடு சமமாக உட்கார ஆசைப்படுகிறானா? சங்கக் கூட்டத்தில் உட்கார வையுங்கள், பேச விடுங்கள்.

உங்கள் தெருப் பிள்ளை அடிபட்டு மருத்துவமனையில் கிடந்தால், ஆரஞ்சுப் பழத்தோடு போய் அறிவுரை சொல்லிவிட்டு வராதீர்கள். அவன் அருகே கால்மணி நேரம் உட்காருங்கள். "வா தம்பி, சனிக்கிழமை எங்களோடு இரு" என்று சொல்லுங்கள். அவன் அம்மாவிடம், "உண்மையை டாக்டரிடம் சொல்லுங்கள், பயப்பட வேண்டாம், நாங்கள் இருக்கிறோம்" என்று தைரியம் கொடுங்கள். சட்டச் சிக்கல் வந்தால் வழக்கறிஞரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சாவு வீட்டில் கேட்டுக் கேட்டு, கணியம்பாடி ஒரு பெரிய உண்மையை உலகத்துக்குச் சொல்லிவிட்டது. அந்தக் குறிப்பேட்டில் இனி எந்தப் பிள்ளையின் பெயரும் ஏறாமல் இருக்க, கேள்வியை முன்னாலேயே கேட்போம். அதட்டிக் கேட்டால் அவன் மறைப்பான். அருகில் உட்கார்ந்து கேட்டால் சொல்லுவான். சொன்னால், பிழைப்பான்.